ரெனிஸ்டன் 417

பாம்பன் தெற்குவாடி அங்கன்வாடியில்
பிள்ளைகள் பதினொன்று, சிலேட்டு ஒன்பது.
மீதி இரண்டு பேருக்கு
மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடி.
எத்தனை கழுவினாலும் காரல் வாடை போகாது.
அதற்குத்தான் அடிபிடி:
நகத்தால் அழுத்தினாலே எழுத்து விழும்.

சுவர் அட்டையில்
அணில், ஆடு, இலை, ஈ.
அதில் இல்லாத எழுத்துகளாகப் பார்த்து
என்னிடம் வந்து சேர்கிறார்கள்
ஜெமிலா, ஹஸீனா, ஷெர்வின்.
கடைசிக் கட்டத்தில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த
மூன்று புள்ளியை
ஃபஸ்லினா முதல் நாளே எடுத்துக்கொண்டாள்.
தட்டின் ஓரத்தில் மூன்று பருக்கை வைத்து
"டீச்சர், இது நான்" என்றாள்.
பிறகு தன்னைத் தின்றாள்.

ரெனிஸ்டனுக்குச் சொல்லித்தர
எனக்கு மிச்சம் இல்லை.
அவன் பெயரை அவன் அப்பா
படகின் அணியத்தில் எழுதி வைத்திருந்தார்,
மஞ்சளில், சிவப்பு நிழல் கொடுத்து.
நடக்கத் தொடங்கியதிலிருந்து
அதன் அடியில்தான் விளையாட்டு.
சிலேட்டிலும் அப்படியே ஏற்றினான்:
ஒவ்வோர் எழுத்தும் முந்தியதைவிடக் கொஞ்சம் உயரத்தில்,
முடிவில் எண்.
ரெனிஸ்டன் 417.

"பேரு மட்டும் எழுது தங்கம்."
"இதுதான் டீச்சர் பேரு."

கொம்பு முன்னால் நிற்க
சத்தம் பின்னால் வருவதை
ஏன் என்று கேட்காமல் ஒப்புக்கொண்டவன்
இதற்கு ஒப்பவில்லை.
நான் அழிக்க, அவன் எழுத,
ஈரத்துணியும் குச்சியுமாக மூன்று நாள்.
நாலாம் நாள் துணியைக் காயப்போட்டேன்.

தடைக்காலம் வந்தது.
படகெல்லாம் கரையேறி
பழைய பெயிண்டைச் சுரண்டும் சத்தம்
பிள்ளைகளின் மதியத் தூக்கத்துக்குள் புகுந்தது.
எவ்வளவு கடன், யாரிடம் வட்டி,
அதெல்லாம் நான் கேட்கவில்லை.
படகைத் தொண்டிக்காரர் ஒருவர் வாங்கினார்.
இங்கேயே பெயிண்ட் அடித்துக் கொண்டுபோனார்.
மஞ்சள் மேல் நீலம்,
நீலத்தின் மேல் வெள்ளையில்
செய்யது அம்மாள்.
எண் படகுடையது, மாறாது.
அதற்குப் புது வெள்ளை மட்டும் பூசினார்கள்.

முழுக்க நின்று பார்த்தானாம்.
தூக்கிக்கொண்டு போக யாருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை வந்தான்.
மூடி காலியாக இருந்தும் சிலேட்டை எடுத்தான்.
நான் பருப்பு அளப்பதுபோல்
அவனை அளந்துகொண்டிருந்தேன்.
கொம்பு. ர. னி.
ஸ் மேல் புள்ளி மறந்து திரும்பி வந்து வைத்தான்.
ட.
இரண்டு சுழி ன, அதன் தலையில் ஒரு புள்ளி.
அங்கே நின்றது குச்சி.
விரலை எச்சிலில் தொட்டு
அந்தக் கடைசிப் புள்ளியை அழித்தான்.
மறுபடி வைத்தான்,
முத்துக்கொட்டை அளவுக்கு.

"டீச்சர்,
செய்யது அம்மாள்னு ஒரு புள்ள இருக்குல்ல,
அது எந்த அங்கன்வாடி?"
"தொண்டியா இருக்கும்."
"அதுக்குப் பேரு எழுதத் தெரியுமா?"
அந்தம்மாவுக்கு எண்பது வயதிருக்கலாம்,
உயிரோடு இல்லாமலும் இருக்கலாம்.
"இனிமேல்தான் படிக்கும்" என்றேன்.
"நம்பரு வேண்டாம்னு சொல்லாதீங்கன்னு
அந்த டீச்சர்ட்ட சொல்லுங்க."

சரி என்றேன்.
சிலேட்டின் வலது மூலையில்
மூன்று எழுத்து கொள்ளுமளவு இடம்
வெறுமையாக இருந்தது.
வரி அப்போதும் மேல்நோக்கித்தான் ஏறியிருந்தது.
நேராக்கித் தர எடுத்த ஸ்கேலால்
பருப்பு டப்பாவைத் திறந்தேன்.