கதவுப் பக்கத்துக் கழி

ஆணையத்தில் என் மேசைக்கு
வெப்பப் பிரிவு என்று பெயர்.
சென்னையில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.
வெப்பத்துக்கு விலையா,
என் மொட்டைமாடிக்கு வந்து
வேண்டிய மட்டும் அள்ளிக்கொண்டு போங்கள் என்கிறார்
மூன்றாம் தளத்துக் கணக்காளர்.

ஓர் அடுப்பு, பல வீட்டார்.
அங்கே யார் எவ்வளவு தருவது
என்பதற்கு விதி எழுதுவது என் வேலை.
எழுதினேன். பதினெட்டுப் பக்கம்.
விறகு, தேய்மானம், சாம்பல் அள்ளும் கூலி,
இரவில் தீயைப் பார்த்துக்கொள்பவரின் தேநீர் வரை கூட்டி
கழி ஒன்றுக்கு, நாள் ஒன்றுக்கு
ஒரு ரூபாய் நாற்பத்து மூன்று காசு.
முழு எண்ணாக வராததால்
எனக்கே அதன்மேல் நம்பிக்கை வந்தது.

கருத்துக் கேட்பு குலசேகரத்தில்.
ஐப்பசி. மண்டபத்தின் தகரக் கூரைமேல் மழை
எனக்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டது.
சங்கச் செயலாளர் ராஜையன்
மைக்கைத் தட்டித் தட்டிக் கடைசியில்
கையால் வாயைக் குவித்துக் கத்தினார்.
வெயில் இல்லாத மாதம்.
நூற்றுப் பன்னிரண்டு பேரின் ரப்பர் ஷீட்டுக்கும்
ஒரே புகைப்புரை.

விறகு ஈரம் என்றார் ஒருவர்.
பூசணம் பிடித்து கிரேடு போச்சு என்றார் இன்னொருவர்.
ஓரத்தில் 'வரம்புக்கு வெளியே' என்று
பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தேன்.

பிறகு லீதியாள் எழுந்தாள்.
நூற்றியிருபது மரம் குத்தகைக்கு எடுத்துப் பால் வெட்டுகிறவள்.
'சாரே' என்றாள் என்னை.
நான் திருத்தவில்லை.

'அடுப்புப் பக்கம் கெடக்கிய ஷீட்டு
நாலு நாளுல காயும்.
எனக்க ஷீட்டு கதவுப் பக்கம். ஏழு நாளு.
ஆளு வரும்போ எல்லாம் கதவு தொறக்கும்,
சூடு எறங்கிப் போவும்.
நாளுக்கு இவ்வளவுன்னா
சூடு கொறச்சு கிட்டினவதான்
பைசா கூட குடுக்கணும், இல்லியா?
இத நீங்க எழுதினதா
அடுப்பு எழுதிச்சா?'

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன்.
பதினோராம் பக்கத்தைப் புரட்டினேன்.
அடுப்பு இருந்தது, புகைபோக்கி இருந்தது,
கதவைப் பற்றி ஒரு வரி இல்லை.

புகைப்புரைக்குள் போனோம்.
கண்ணாடி மங்கிற்று, கழற்றினேன்.
தேன் நிறத்தில் தொங்கிய ஷீட்டுகளுக்கு நடுவே
எந்தக் கழி யாருக்கு என்று கேட்டேன்.
முந்தி வாறவங்களுக்கு என்றார் ராஜையன்.
முந்தி வருவது யார்?
அவர் மழையைப் பார்த்தார்.
வாசலில் இரண்டு மினி லாரி நின்றன.
லீதியாள் அடுத்த வீட்டு ரோலரில்
அவர்கள் முடித்த பிறகு அடித்து,
தலைச்சுமையாய்க் கொண்டுவந்து சேரும்போது
கதவுப் பக்கம் மட்டும்தான் மிச்சம்.

டேப் கொண்டுவரவில்லை.
குளிர் எதுவரை எட்டுகிறது என்று
கையை நீட்டி நீட்டிப் பார்த்து
குடையால் அளந்தேன்.
மூன்றரைக் குடை.

நாகர்கோவிலில் ரயில் ஏறினேன்.
எதிர் இருக்கைப் பெண் மூக்கைச் சுருக்கி
எங்காவது தீ விபத்தா என்று விசாரித்தாள்.
புடவை அப்படி மணத்தது.
விலை நிர்ணயம் என்றேன்.
தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்துவிட்டாள்.

ஏழாம் பிரிவில் 'ஆ' சேர்த்தேன்:
கதவுப் பக்கத்துக் கழிகளுக்கு
நான்கு நாள் கட்டணமே உச்சம்.
ஒன்பது நாள் கழித்துக் கோப்பு திரும்பிவந்தது,
ஓரத்தில் பச்சை மையோடு:
'கதவுப் பக்கம் என்றால் எத்தனை அடி?
வரையறை தேவை.'

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில்
குடையை மேசைமேல் கிடத்தினேன்,
டேப் பிடித்தேன்.
கைப்பிடியைச் சேர்த்து அளந்தேனா அன்று,
சேர்க்காமலா?
எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

சேர்த்தே எழுதினேன்.
இரண்டு கழி கூடுதலாக உள்ளே வரும்.