இருபத்தைந்தாம் பக்கம்

டொலீடோவில் பனி விடாத சனிக்கிழமை.
பள்ளி ஜிம்மில் மடக்கு மேசைகள்.
வென்டெல் கையுறை போடுவதில்லை,
கையை இரண்டு முறை கழுவிவிட்டுத்தான் தொடுவார்.

ஐம்பத்திரண்டாம் வருடத்து ஏழாவது இதழ்.
பதினொரு வருடத் தேடல்.
முதுகில் மடிப்பில்லை. ஸ்டேபிளில் துரு, கடுகளவு.

இருபத்தைந்தாம் பக்கத்தில் சன்னல்.
கூப்பனை யாரோ
நாக்கைக் கடித்துக்கொண்டு கோணலாக வெட்டியிருக்கிறார்கள்.
ஓட்டை வழியே
அடுத்த பக்கத்து வில்லனின் ஒற்றைக் கண்.

"பாதி விலை," என்கிறாள் மேசைக்காரி.
"சரி, கால்வாசி."

காசு அனுப்பிய பொடியனுக்கு
சுவர் தாண்டிப் பார்க்கும் கண்ணாடி
வந்து சேர்ந்ததா என்கிறார் இவர்.

அவள் பிளாஸ்டிக் உறையை எடுப்பதற்குள்
அந்தத் தாளை மட்டும் நிமிர்த்தி
ஓட்டையில் கண்ணை வைக்கிறார்.

அவள் தெரிகிறாள்.
ஆறிப்போன அவள் காபி தெரிகிறது.
பின்னால் சுவர்,
சுவராகவே.