பகலில் தூங்குகிறவளுக்கு ஒரு கேபினட்

பெருமாள்புரத்தில் மாடி வீடு. ஒற்றை அறை.
தலைக்கு மேல் மொட்டைக் காங்கிரீட்.
சித்திரை மதியம் அந்தத் தளத்தில் கைவைத்தால்
தோசைக்கல்லோடு பழகிய கைக்கே பொறுக்காது.
அந்த அறையில்தான்
பிறத்தியார் கட்டப்போகும் வீடுகளை
நான் முன்கூட்டிப் படமாக்குகிறேன்,
சுவர், சாயம், சன்னல் வழி விழும் வெயில் வரைக்கும்.
அதே அறையில்தான்
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடித்து வந்து
பிரம்மசக்தி தூங்குகிறாள்.

பழைய கேபினட்டுக்கு முன்பக்கம் கண்ணாடி,
கண்ணாடிக்குள் ஏழு நிற விளக்கு.
காற்று நுழைய ஒரு விரல்கடை சந்து.
வாசலில் ஜோடனை, பந்தியில் புழுக்கம்:
சில கல்யாண மண்டபங்கள் அப்படித்தான்.
ஒரு வீட்டின் நிழலைக் கணக்கிடச் சொன்னால்
எண்பத்தெட்டு டிகிரிக்கு ஏறி
நாலு விசிறியும் ஊளையிடும்.
கணக்கு முடிந்ததும் சட்டென்று அடங்கும்.
அடுத்த படம். மறுபடி ஊளை.
அவள் புரண்டு படுப்பாள்.
ஒன்றும் சொல்ல மாட்டாள், அதுதான் கஷ்டம்.

வண்ணார்பேட்டையில் தவசிக்கனி கடை.
இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தான்.
ஒன்று, உள்ளெல்லாம் கறுப்புப் பஞ்சு ஒட்டி
கதவும் போட்டது.
"பொட்டு சத்தம் வெளிய வராது வே."
மற்றதற்கு முகம் முழுக்கச் சல்லடை.
"இது நல்லா மூச்சு விடும். ஆனா உள்ள நடக்கது எல்லாம் கேக்கும்."

பஞ்சுக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன்.
விலை கூடின கார்போல் 'தொப்'பென்றது.
பணத்தை எடுக்கப் போன கை பையிலேயே நின்றது.
சத்தம் வராத வழியில் சூடு மட்டும் எப்படி வரும்?
காய்ச்சல்காரனைக் கம்பளியால் மூடினால்
முனகல் குறையும்.
காய்ச்சல்?

குழம்பிப்போய் அவளுக்கே போன் போட்டேன்.
தூங்குகிறவளை எழுப்பி
'நீ தூங்க எது தோது?' என்று கேட்டவன் நான் ஒருவன்தான்.
இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

"எந்தச் சவத்தையாவது வாங்கிட்டு வாங்க.
சத்தம் என்னை ஒண்ணும் செய்யாது.
வார்டுல ராவெல்லாம் பன்னெண்டு மெசின் எரையுது.
ஒரே மாதிரி எரைஞ்சா எல்லாரும் சொகமா இருக்காவன்னு அர்த்தம்.
மாறுனாத்தான் ஓடணும்.
உங்க பொட்டி மாறிக்கிட்டே இருக்கு,
நான் தூக்கத்துலயும் ஓடிக்கிட்டே இருக்கேன்."

சல்லடையை வாங்கினேன்.
முன்னால் இரண்டு விசிறி, ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம்,
அவசரமில்லாமல் சுற்றுகிற ரகம்.
பின்னால் ஒன்று, சூட்டைச் சன்னல் பக்கம் தள்ள.
செட்டிங்ஸில் வேகக் கோடு
மேற்கே தெரியும் மலைத்தொடராட்டம் ஏறி இறங்கியது.
அதை இழுத்து இழுத்து
கயத்தாற்றுக் கரிசலாக மட்டமாக்கினேன்.

எழுபத்தொன்றில் நிற்கிறது.
சத்தம் இல்லாமல் இல்லை.
இரண்டு தெரு தள்ளி மாவுமில் ஓடுகிறாற்போல்
காலையிலிருந்து மாலை வரை ஒரே இரைச்சல்.
ஆனியில் காற்று திரும்பியதும்
அறையின் செம்மண் முழுக்கச் சல்லடையில் அப்புகிறது.
ஞாயிறுதோறும் கழற்றிக் குழாயடியில் கழுவுகிறேன்.
அவள் எட்டு மணிக்குப் படுத்தால்
மூன்று வரைக்கும் புரள்வதில்லை.

போன வியாழன், மதியம் ஒன்றரை.
எண்பதாவது படம் பாதியில் இருக்கையில்
கரண்டு போயிற்று.
மின்விசிறி, பிரிட்ஜ், என் பெட்டி,
கீழ்வீட்டு டிவி
எல்லாம் ஒன்றாக நின்றன.

பிரம்மசக்தி எழுந்து உட்கார்ந்தாள்.
"யாருக்கு?" என்றாள்.
கண் திறக்கவில்லை.
அவள் கை இருட்டில் துழாவுவதுபோல் துழாவி
என் மணிக்கட்டைப் பிடித்து
எண்ணத் தொடங்கியது.