நிகர எடை

ஆனேக்கல் சாலையில்
சின்னப்ப ரெட்டி எடைமேடை போட்ட வருஷம்
பெங்களூரு முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது.
நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன்.
கணக்கில் நாற்பத்தொன்று.
"போதும்" என்றார்.
"கூட்டத் தெரிய வேண்டாம், கழிக்கத் தெரிஞ்சா சரி."

பாரத்தோடு ஒரு தரம்,
வெறும் வண்டி ஒரு தரம்.

முதலில் ராகி வந்தது.
மூட்டைமேல் உட்கார்ந்தே வருவார்கள்.
"இறங்குங்க, உங்களையும் சேர்த்து விக்கணுமா?"
கத்துவேன். சிரித்துக்கொண்டே குதிப்பார்கள்.
தக்காளி, முட்டைக்கோசு,
மழைநாளில் டயரில் அப்பிய சேறும் சேர்த்து.
அப்புறம் ஜல்லி.
ஜல்லி வந்தால்
யாரோ நிலத்தை விற்றிருக்கிறார்கள் என்று அர்த்தம்.
அப்புறம் கம்பி, போர்வெல் குழாய்,
மேற்கே எழுந்த பம்பு கம்பெனிக்கு
இரும்புச் சுருள்.

கம்பெனி கேட்டில் போர்டு மாட்டினார்கள்:
ஃபிட்டர் தேவை, ஐ.டி.ஐ., இரண்டு வருட அனுபவம்.
எங்கள் பையன்களிடம்
நிலம் விற்ற பணமும் புது பைக்கும் இருந்தன.
கெஞ்சப்பாவுக்குத் தோட்ட வேலை கிடைத்தது.
தன் தக்காளி வயல் இருந்த இடத்தில்
புல்லுக்குத் தண்ணீர் விட்டார்,
டாங்கர் தண்ணீர்.
அந்த டாங்கரும்
என்னிடம் எடை போட்டுத்தான் உள்ளே போகும்.

ஒரு ஜூன் மாதக் காலை
திருப்ப இடமில்லாமல்
பாலிடெக்னிக் பஸ் மேடைமேல் ஏறி நின்றது.
ஒன்பதாயிரத்து எழுநூற்று அறுபது.
விரல் தானாகப் பட்டனை அழுத்திவிட்டது.
அரைமணியில் காலியாக வந்த பஸ்ஸை
கைகாட்டி நிறுத்தினேன்.
"ஒரு நிமிஷம் மேல ஏத்துங்க, கலீம் பாய்."
ஏழாயிரத்து அறுநூற்று இருபது.

நிகரம் இரண்டாயிரத்து நூற்று நாற்பது கிலோ.
நாற்பத்து நான்கு பெண்பிள்ளைகள்,
டிராயிங் போர்டு, சோற்று டப்பா,
கெஞ்சப்பா மகள் தலையில் இரண்டு முழம் கனகாம்பரம்.
சரக்கு என்ற கட்டத்தில் என்ன எழுத?
காலியாக விட்டேன்.
ஸ்லிப்புக்கான முப்பது ரூபாயை
என் பர்ஸிலிருந்து கல்லாவில் போட்டேன்.

பதினோரு வருஷம்.
பெங்களூரு இப்போது
எங்கே முடிகிறதென்று யாரும் சொல்வதில்லை.
போன செவ்வாய்க்கிழமை
எடை சோதிக்கும் வண்டி வந்து நின்றது.
ஆட்கள் இருபது கிலோ கற்களை அடுக்க,
ஷூக்காலோடு முட்டி போட்டு
மேடைக்கு அடியில் டார்ச் அடித்த இன்ஸ்பெக்டர்
கெஞ்சப்பா மகள், ஹேமாவதி.
"அக்கயம்மா அக்கா" என்றாள்.
அதோடு அக்காவை அங்கேயே விட்டுவிட்டு
வேலையைப் பார்த்தாள்.

ஐந்து டன் கல்லுக்கு
மெஷின் நாற்பது கிலோ குறைத்துக் காட்டியது.
"எத்தனை நாளா இப்படி?"

மண்டியும் ரெட்டியுடையதுதான்.
முத்திரையை வருஷாவருஷம்
ஆபீசுக்கே போய் வாங்கி வந்துவிடுவார்.
"மெஷினை யாரும் தொட வேணாம்மா, சீசன் டைம்"
என்று மிக்சர் பொட்டலத்தை நீட்டுவார்.
தெரியும் என்று சொல்ல முடியாது.
தெரியாது என்றும் சொல்ல முடியாது.
லோடுக்கு நாற்பது கிலோ.
அவள் அப்பா லோடும் அதில் உண்டு.
கழிக்கத் தெரிந்தவள்தானே நான்.

வாய்க்குப் பதில் கை போனது.
பில்புக்கின் அட்டைக்குள்ளிருந்து
பழைய ஸ்லிப்பை எடுத்து வைத்தேன்.
தேதியைப் பார்த்தாள், வண்டி நம்பரைப் பார்த்தாள்,
காலியாகக் கிடந்த கட்டத்தை
விரலால் ஒருமுறை தடவினாள்.
பின்பக்கம் திருப்பி
பேனாவால் கணக்குப் போட்டாள்.

"எங்ககிட்டயும் பதினேழு கிலோ
எடுத்துட்டீங்க" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"அப்ப நானே முப்பத்தெட்டு கிலோதான்."

சிரித்தாளா தெரியவில்லை, குனிந்திருந்தாள்.
கம்பி முறுக்கி ஈயம் வைத்து
மேடையைப் பூட்டிவிட்டுப் போனாள்.
ஸ்லிப்பையும் ஃபைலில் செருகிக்கொண்டாள்.
சாட்சிக்கா, வேறெதற்கா,
நான் கேட்கவில்லை.

வெளியே இரும்புச் சுருள் லாரி
ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கிறது.