அறுபத்திரண்டாம் நகர்வு

பதூமித் துறைமுகத்தில் பகலெல்லாம்
நாற்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் இருப்பவள் நான்.
கம்பியில் தொங்கும் இரும்புப் பெட்டி
கப்பலைத் தொடுவதற்கு முந்தைய கடைசி ஒரு மீட்டரில்
மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவேன்.
இருபது வருடம். ஒரு கீறல் இல்லை.

இரவில் வேறொருத்தி.

சமையலறை மேசையில் பழைய ஆட்டத்தாள்கள்,
வியாழக்கிழமைக் கழகத்தில் நான் தோற்றவையும் டிரா ஆனவையும்.
ஒன்றில் பிளம் சாஸ் கறை.
ஒன்றின் ஓரத்தில் என் கையெழுத்திலேயே ஒரு சாக்கு:
"மெராபி விடாமல் இருமினான்."

தாளில் இருமல் கேட்கவில்லை.
நகர்வுகள் மட்டும் இருக்கின்றன,
எல்லாம் நான் வைத்தவை.

பதினோரு தாள். ஒன்பதில்
ராணிகள் எப்போதோ வெளியேறிவிட்டார்கள்,
யானைகள் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிட்டன,
என் ராஜா மட்டும்
காய்ச்சல்காரனைப் போல மூலையில் சுருண்டிருக்கிறான்.
கூட்டம் கலைந்த பிறகு
ராஜாவும் வேலைக்குப் போக வேண்டும் என்று
இந்த ஐம்பத்து மூன்று வயதில்
என் தாள்களே எனக்குச் சொல்கின்றன.

பிறகு அந்த அறுபத்திரண்டாம் நகர்வு.

இரண்டு ராஜாக்கள். ஒரே சிப்பாய், என்னுடையது.
சிப்பாய்க்கு நேர் முன்னே ஒரு காலிக் கட்டம்.
ராஜா அதில் ஏறி நின்றிருந்தால்
மெராபியின் ராஜா எதிரே நிற்க முடியாமல்
இடமோ வலமோ விலகியிருப்பான்,
விலகிய பக்கத்துக்கு மறுபக்கம் நான் நுழைந்திருப்பேன்.

அந்தக் கட்டத்தில் சிப்பாயைத் தள்ளினேன்.
எப்போதாவது தேவைப்படும் என்று
கையிருப்பில் வைத்திருக்க வேண்டிய ஓரடி,
அவசரத்தில் செலவானது.
வெண்ணெய் திரண்டு வரும்போது
தாழியை நானே உடைத்திருக்கிறேன்,
கணினியைக் கேட்காமல் இதைக் கண்டுபிடிக்க
மூன்று இரவு ஆயிற்று.

ஐந்து வருடமாக மெராபி அந்த டிராவை
வீரக்கதையாகச் சொல்லி வருகிறான்.
சுங்க அலுவலகத்தில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம்.
நானும் தலையாட்டியிருக்கிறேன்.
அவன் தப்பவில்லை,
நான்தான் கதவைத் திறந்துவிட்டேன்.
சொல்லப் போவதில்லை.
என்றாவது பலகையில் சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று வியாழக்கிழமை. வெளியே மழை.
எதிரே நானி, பல் மருத்துவமனைக்காரி,
கையில் இன்னும் கிராம்பு வாசனை.
முப்பத்தெட்டாம் நகர்விலேயே என் ராஜா
மூலையை விட்டுக் கிளம்பினான்,
நெஞ்சை நிமிர்த்தி, பலகையின் நடுவுக்கு.
அவன் போன தூரத்தில்
பின்னால் ஓரத்துச் சிப்பாய் ஒன்று அனாதையாயிற்று.
நானி அதை எடுத்தாள்.
தோற்றேன்.

பேருந்தில் நின்றபடியே தாளைப் பிரித்தேன்.
இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.
பச்சை மையில் வட்டம் போட்டு எழுதினேன்:
இது புதுத் தவறு.