ஏழின் குறுக்குக் கோடு

மூன்றாம் எண் நெடுஞ்சாலை. அசூல் தாண்டி எடைமேடை.
அதிகாலை நாலே முக்கால்.
டிசம்பர் என்றால் இங்கே கோடை;
இருபுறமும் அறுப்புக்கு நிற்கிறது கோதுமை.

வெள்ளை வேன் ஒன்றைக் கைகாட்டி நிறுத்துகிறேன்.
பக்கவாட்டில் மூன்று இதழ்ச் சின்னம்,
இருட்டிலும் தெரிகிற மஞ்சள்.
ஓட்டுநர் அன்செல்மோ புருசோனே
மாத்தே குவளையைத் தொடைகளுக்கிடையில் இடுக்கியபடி
காகிதங்களை நீட்டுகிறார்.
"பாகியா பிளாங்கா, ஆஸ்பத்திரிக்கு.
பத்து மணிக்கு முதல் நோயாளி."

பெட்டி சின்னது. ஈயத்தின் கனம்தான் பெரிது.
உள்ளே மாலிப்டினம்:
அறுபத்தாறு மணி நேரத்தில் பாதியாகும் சரக்கு.
காவல் காக்கக் காக்கக் கரையும்.
பூட்டி வைத்தாலும் குறையும்.
ஒரு மணி நேரம் நான் நிறுத்தினால்
நூறில் ஒரு பங்கு போய்விடும்,
யாரும் தொடாமலே.
வயலில் நிற்கும் கதிருக்கு ஒருநாள்தான் அறுவடை;
இந்தக் கதிருக்கு நொடிதோறும்.

ஒரு மீட்டர் தள்ளி நின்று கதிர்மானியைப் பிடிக்கிறேன்.
முள் சொல்வதும் லேபிள் சொல்வதும் ஒன்றே.
பட்டைகள் இறுக்கம்.
தீயணைப்பான் இருக்கிறது, காலாவதியாகவில்லை.
பிறகு முத்திரை எண்.
மூடியில்: 40877.
காகிதத்தில், கையெழுத்தில்: 4087
அதற்கப்புறம் ஒரு கோடு.
ஒன்றாக இருக்கலாம். அவசரத்தில் எழுதிய ஏழாகவும் இருக்கலாம்.

"ஏழுதான்" என்கிறார் அன்செல்மோ.
"குறுக்குக் கோடு போட மறந்திருப்பான் எசெய்சாவில் எவனோ."
இருக்கலாம்.
ஆனால் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு ஏழுக்குக்
குறுக்குக் கோடு போட்டிருக்கிறதே.

எசெய்சாவுக்கு அழைக்கிறேன்.
மணி அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது.

"எலும்பில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல்
ஒருவர் ராத்திரி முழுக்க விழித்துக் கிடப்பார்.
உங்களுக்கு விரல்நக அளவு கோடு பெரிதாகிவிட்டது."
அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
என் கையில் இருப்பது விதிப் புத்தகம்.
அவர் பேசுவது வேறு விதியைப் பற்றி.

அவரிடம் சொல்லாதது ஒன்று:
ஒன்பது வருஷத்துக்கு முன், மழை இரவில்,
நாற்காலியைவிட்டு எழாமலே
ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன்.
அந்த லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை.
ஒன்றுமே.
ஏதாவது ஆகியிருந்தால் விசாரணை, தண்டனை,
எப்படியோ முடிந்திருக்கும்.
அந்த லாரி இன்னும்
எனக்குள் போய்ச் சேர்ந்தபாடில்லை.

ஐந்தே முக்காலுக்கு எடுக்கிறாள் ஒருத்தி.
டெல்ஃபினா, இரவுப் பணி, குரலில் கொட்டாவி.
பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்கிறது.
"ஏழு" என்கிறாள். "பேனா தீர்ந்துகொண்டிருந்தது.
ஏன், என்ன ஆயிற்று?"
ஒன்றும் ஆகவில்லை என்கிறேன்.
அதுதான் என் உத்தியோகம் என்று சொல்லவில்லை.

அன்செல்மோ விடைபெறாமல் கதவைச் சாத்துகிறார்.
கோதுமை நடுவே சிவப்பு விளக்கு சிறுத்து மறைகிறது,
கொஞ்சம் குறைந்த சரக்கோடு.
கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்கு. என் கணக்கில்.

அறிக்கைப் படிவத்தில்
கண்டறியப்பட்டவை: எதுவுமில்லை.
தாமதம்: ஐம்பத்தெட்டு நிமிடம்.
காரணம் எழுத ஒரு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள்;
ஏழு என்று எண்ணால் எழுதி
நடுவில் கோடு போடுகிறேன், அழுத்தி,
அடுத்த தாளிலும் பதியும்படி.

அடுத்து வருவது மாட்டு லாரி.
அது என் துறையில்லை.
கம்பிகளுக்கிடையே ஒரு கண் என்னைப் பார்க்க,
கைகாட்டி அனுப்புகிறேன்.