அந்தச் சத்தம் என்னுடையதல்ல

தாளில் எனக்குப் பெயர் இல்லை.
'குண்டுப் பெண் 1' என்றிருந்தது.
இரண்டு எங்கே என்று கேட்டேன்.
பட்ஜெட் காணாது அக்கா என்றான்
தொப்பி போட்ட பொடியன்,
பகிடிக்கில்லை, உண்மையாகவே.

உப்புவெளிக் கரையில் மூன்று நாள்.
கதாநாயகி கொழும்புப் பிள்ளை, நல்லவள்,
மீன்காரன் பெண்சாதியாய் நடிக்க வந்தவள்.
காலைச் சாப்பாடு அரை ஆப்பிள்.
சூடைக் கூடையை அவளால் அசைக்க முடியவில்லை.
என்னைக் கூப்பிட்டார்கள். தூக்கினேன்.
இருபத்தெட்டுக் கிலோ இருக்கும்,
வாடியில் தராசு பிடிக்கிற கை, பிழைக்காது.
கமரா என் மணிக்கட்டு வரைக்கும் வந்து
அங்கேயே நின்றுகொண்டது.
படத்தில் அவள்தான் தூக்குகிறாள்.

பிறகு என் முறை.
பெண் பார்க்கும் காட்சி,
கடற்கரையில் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை,
பின்கால் ஒன்றை வாளால்
முக்கால்வாசி அரிந்து வைத்திருந்தார்கள்.
நான் கையில் ரோல்ஸோடு வந்து
மாப்பிள்ளை வீட்டாருக்குச் சிரித்து
உட்கார வேண்டும்.
அவ்வளவுதான் அக்கா, வசனமே இல்லை.

முதல் தரம் கதிரை உடையவில்லை.
இயக்குநருக்குக் கோபம்.
இன்னும் கொஞ்சம் அரிந்தார்கள்.
இரண்டாம் தரமும் தாங்கியது.
மூன்றாம் தரம்
ஒருவன் படங்குக்குப் பின்னால் ஒளிந்திருந்து
நைலோன் கயிற்றால் காலை இழுத்தான்.
விழுந்தேன்.
நல்லா விழுந்தீங்க என்றார்கள்.
இன்னும் ஒருக்கா, இந்தப் பக்கத்தால்.

மத்தியானம் அவர்கள் சோற்றுப் பார்சல் பிரிக்கையில்
உடுப்போடு கடலுக்குள் போனேன்.
மல்லாக்கப் படுத்தேன்.
கால் அடிக்கவில்லை, கை வீசவில்லை.
என் பெருவிரல்கள் இரண்டுக்கும் நடுவில்
கோணமலை சரியாக வந்து நின்றது.
பிறேம் என்று அவர்கள் கத்துவது
இதைத்தானாக்கும்.
கமராக்காரன் பார்த்தான்,
பார்த்தபடி பருப்பைப் பிசைந்தான்.
கமராவுக்கு மூடி போட்டிருந்தது.

ஐப்பசியில், கரண்ட் போய்ப் போய் வந்த ஓர் இரவு
ரீவியில் போட்டார்கள்.
பக்கத்து வீட்டு ஜெசிந்தாவும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள்.
நான் சிரித்தேன், உட்கார்ந்தேன்.
டொம்.
பிறகு ஒரு யானை பிளிறியது.
மாப்பிள்ளை வீட்டார் எழும்பி ஓடினார்கள்.
வீடு முழுக்கச் சிரிப்பு.
நானும் கொஞ்சம் சிரித்தேன், பொய் சொல்லக்கூடாது.
சாருமதி சிரிக்கத் தொடங்கி
என் பக்கம் திரும்பி
வாய் நிறைய மிக்சரை அள்ளிப் போட்டாள்.

அது மணல், பிள்ளை.
மணலில் விழுந்தால் சத்தமே வராது.
நண்டு ஓடுகிற அளவுக்குத்தான் ஏதோ கேட்டது.
டொம்மை அவர்கள் எங்கேயோ அறைக்குள் இருந்து ஒட்டினார்கள்.
யானை எந்தக் காட்டுடையதோ.

கதிரையைக் கேட்டு வாங்கி
ஓட்டோவில் ஏற்றி வந்தேன்.
சவுக்குக் கம்பு வைத்து, தங்கூசியால் வரிந்து கட்டினேன்.
விடிய நாலு மணிக்கு வாடியில்
அதில் இருந்துதான் மீன் நிறுக்கிறேன்.
தாங்குகிறது.

சாருமதிக்குப் பதின்மூன்று வயது.
அன்றிலிருந்து இரவில் பசிக்கவில்லை என்கிறாள்.
இன்றைக்கும் புட்டு அவித்து
இரண்டு கோப்பையில் வைத்தேன்.
ஒன்று
மூடினபடி கிடக்கிறது.